இயந்திரத்துக்கு ஜலதோஷம்

தும்மல் வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்தது.

நூலக முன்கூடத்தில், 'எந்தப் புத்தகம் எங்கே? என்னைக் கேளுங்கள்' என்று எழுதிய அடியில்லாத அட்டைப் பெட்டிக்குள் ஆராய்ச்சி மாணவி குந்தியிருந்தாள். வெளியே வாசகர் கேள்வியைத் தட்டுவார்; உள்ளே இவள் பதிலைத் தட்டுவாள். இயந்திரம் இன்னும் பிறக்கவே இல்லை. மனிதர்கள் இயந்திரத்திடம் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தால்தான் அதை ஒழுங்காக வடிவமைக்க முடியும். அதுதான் அவள் ஆராய்ச்சி. உள்ளே ஆள் இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்தால் நாலு வருட உழைப்பு காலி.

மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். வெடித்தே விட்டது.

"என்னப்பா இது, மெஷின் தும்முது?" என்றார் வெளியே நின்ற வழுக்கைத் தலைப் பெரியவர்.

பதறிப்போய்த் தட்டினாள்: 'ஏசி காற்று நேராகப் படுகிறது.'

அங்கேதான் வினை ஆரம்பித்தது. பெரியவர் காவலாளியைக் கூப்பிட்டார். "பாவம்பா, இதுக்கு ஜலதோஷம். அந்தப் பக்கம் தள்ளி வை."

"எனக்கு மூணு நாளா காய்ச்சல், கேக்க நாதியில்ல," என்று முனகிக்கொண்டே காவலாளி தள்ள, உள்ளே இவளும் தவளை மாதிரி தத்தித் தத்தி நகர்ந்தாள்.

பெட்டி போய் நின்ற இடம் எதிரியின் மடி. ஒரு கம்பெனி சோதனைக்குக் கொண்டுவந்த இரும்பு இயந்திரம், பீரோ உயரத்தில், நீல விளக்கோடு நின்றது. மதியம் ஒரு மணி நேரம் 'பழுது' என்று பலகை தொங்கியதைத் தவிர, காலையிலிருந்து பதில் சொல்வதில் அது அசரவில்லை.

"பரீட்சையில கோட்டை விட்டுட்டேன்னு சும்மா தட்டினேன்டி," என்றாள் அதன் முன் வரிசையில் ஒரு பெண். "'பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்'னு சொல்லுது. எங்க அப்பாகூட இப்படிச் சொன்னதில்ல."

பெட்டிக்குள் இவள் காதில் அது விழுந்தது. கைபேசியில் வழிகாட்டிப் பேராசிரியையைக் கிசுகிசுப்பாகப் பிடித்தாள்.

"மேடம், நான் கனவு கண்ட மெஷின் பக்கத்துலயே நிக்குது. ஆறுதல்கூடச் சொல்லுது."

"அப்ப நம்ம ஆராய்ச்சி எதுக்கும்மா?" மேடத்தின் குரல் இறங்கியது. "அஞ்சு மணிக்கு நம்ம ஆராய்ச்சியைப் பாக்கக் குழு வருது. மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. அதுவரைக்கும் வெளிய மட்டும் வந்துடாதே."

"மெஷின் முனகுதுப்பா," என்றார் பெரியவர். அவர் இன்னும் போகவில்லை. "குளிர் விடலபோல. எதையாவது போர்த்தி விடு."

காவலாளி எங்கிருந்தோ ஒரு கனத்த திரைச்சீலையைக் கொண்டுவந்து பெட்டியை மூடினார்.

இருட்டு. புழுக்கம். கேள்வி தட்டும் கணினித் திரையும் மூடிப்போனதால் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. கால் மரத்துப்போயிருந்தது. மணி நாலு ஐம்பத்தைந்து. காற்றுக்காகப் போட்ட ஓட்டையில் மூக்கை வைத்தாள். ஒரு சாண் தூரத்தில் அந்த இரும்பு.

"எல்லாத்தையும் நீயே பண்ணிட்டே," என்றாள் அதனிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனிமே நான் கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

"நிறைய இருக்குக்கா," என்றது இரும்பு, தொண்டையைச் செருமிக்கொண்டு. "மொதல்ல, குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருந்தா அந்த ஓட்டை வழியா நீட்டுங்க. மதியம் சாப்பிடப் போனப்ப பாட்டிலை வெளியிலயே வச்சுட்டு வந்துட்டேன்."