முப்பத்தொன்பது ஐம்பதுகளும் ஓர் அறுபத்துமூன்றும்

செங்கற்பட்டு,
15-3-1955, செவ்வாய்க்கிழமை

அத்திம்பேர் ஸ்ரீ வாசுதேவன் அவர்கள் திருவடிகளில் மைத்துனன் பட்டாபி தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்ளும் விஞ்ஞாபனம். இவ்விடம் நானும் காமுவும் சௌக்கியம். அவ்விடம் பெருந்தேவி அக்காவின் முழங்கால் வலியும், என்மேல் தங்களுக்குள்ள கோபமும் ஒரு மட்டுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கார்டு நேற்றுக் கிடைத்தது. "வாயை மூடிக்கொண்டு ஐம்பது என்று எழுத வைத்துக் கையெழுத்தைப் போடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கல்வி இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் வாக்கு, தட்டுவதற்கில்லை. ஆனால் போன தடவை கார்டில் இடமில்லாததால் நான் பாதிதான் எழுதியிருந்தேன். முழுவதையும் தெரிந்துகொண்டு திட்டினால் தங்களுக்கும் திருப்தியாக இருக்கும் என்பதால் இதை விஸ்தாரமாக எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கணக்குப் பாடம் என்பது தங்களுக்குத் தெரியும். நாளைக்கு ஆரம்பப் பள்ளிகளில் வாத்தியாராகப் போகிற நாற்பது பேர் என் வகுப்பில் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு முக்கோணம் சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு முக்கோணத்தையாவது தன் கையால் அளந்திருக்க வேண்டாமா என்று எனக்கு ஓர் எண்ணம். எண்ணத்தோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஜனவரியில் நாற்பது பேரையும் பஸ் ஏற்றி மாமல்லபுரம் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். எட்டுக் கோஷ்டியாகப் பிரித்து, மணலில் முளை அடித்துக் கயிறு கட்டி, கோஷ்டிக்கு ஒரு பெரிய முக்கோணம் போடச் சொல்லி, வகுப்பிலிருந்து தூக்கிப் போன மரக் கோணமானியால் மூன்று கோணங்களையும் அளக்கச் சொன்னேன். காற்றில் என் குடை போயிற்று. ஒரு கோஷ்டியின் முக்கோணத்துக்குள் ஆடுகள் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன. கயிறு தந்த கடைக்காரர் ஈரக் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். ஆனாலும் ஏழு கோஷ்டிகள் கூட்டித் தந்த விடை நூற்றெண்பது பாகை. ஆடு படுத்திருந்த கோஷ்டிக்கும் நூற்றெண்பது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டாவது கோஷ்டி மட்டும் நூற்றெழுபத்துநாலு என்றது. அதன் தலைவி பதருன்னிசா என்ற பெண். கயிறு தந்தாரே, அந்தச் சதுரங்கப்பட்டினத்துக் கடைக்காரரின் மகள்தான். "கவனம் போதவில்லை" என்றேன். "மூணு வாட்டி அளந்தேன் சார். அதான் வந்துது, நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். வாய் ஜாஸ்தி என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு கோணமானியை மாட்டப் போனபோது பார்க்கிறேன், அடிக்கட்டை விலகி இருக்கிறது. பியூன் முனிசாமியைக் கேட்டேன். "அது தீவாளிக்கு மின்னியே வுழுந்து ஒடஞ்சிட்ச்சி சார். நான்தான் ரெண்டு ஆணி அடிச்சி வெச்சேன். நல்லாத்தான கீது?" என்றான். நல்லாத்தான் இருந்தது, ஒவ்வொரு கோணத்திலும் இரண்டு பாகை குறைத்துக் காட்டியது, அவ்வளவுதான். மூன்று கோணத்துக்கு ஆறு. அதாவது அந்தக் கோணமானியால் ஒழுங்காக அளந்தவருக்கு நூற்றெழுபத்துநாலுதான் வரும். ஒழுங்காக அளந்தது எத்தனை பேர் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்போது போடவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை.

இத்தோடு விட்டேனா என்றால், இல்லை. பிப்ரவரியில் எது எத்தனை தடவை நேரும் என்று முன்கூட்டிக் கணிக்கிற சாஸ்திரத்தை எடுத்தேன். இங்கிலீஷில் பிராபபிலிட்டி. தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தீர்மானிக்கப் பத்து நாள் போயிற்று, தீர்மானமும் ஆகவில்லை. பாடத்திட்டத்தில் இது கிடையாது என்பதைத் தாங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். காலணாவைச் சுண்டிப் பார்த்து, பூ எத்தனை, தலை எத்தனை என்று எழுதச் சொல்லலாம் என்றிருந்தேன். தலைமையாசிரியர் ராஜாராம், "மிஸ்டர் பட்டாபி, காசு சுண்டறது சூதாட்டம். என் பள்ளிக்கூடத்துல நடக்காது" என்றார். சரி என்று காசை விட்டுப் புளியங்கொட்டைக்கு வந்தேன். பெண்டுகள் தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கத்தைக் கல்லில் உரசி வெள்ளையாக்கி வைத்திருப்பார்களே, அதுதான். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. பலகையில் பெரிசாக "வெள்ளை விழும் வாய்ப்பு: பாதி" என்று எழுதினேன். ஆளுக்கொரு கொட்டையை உரசி, வீட்டில் நூறு தடவை உருட்டி, வெள்ளை எத்தனை என்று ரிக்கார்டு நோட்டில் எழுதி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அத்திம்பேர், முப்பத்தொன்பது நோட்டில் ஐம்பது. நாற்பத்தொன்பது இல்லை, ஐம்பத்திரண்டு இல்லை. மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருகிறவருக்கும் ஐம்பது, ஹாஸ்டலில் இருப்பவருக்கும் ஐம்பது, அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தவருக்கும் ஐம்பது. பதருன்னிசா நோட்டில் அறுபத்துமூன்று. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து காமுவிடம் ஒரு தாயக்கொட்டை வாங்கி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து நூறு தடவை உருட்டினேன். அறுபத்துநாலு வெள்ளை. மறுபடி நூறு. அறுபத்தொன்று. காமு அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஏன்னா, புளியங்கொட்டைன்னா வெள்ளைதான் ஜாஸ்தி விழும். இதுகூடத் தெரியாமயா பாடம் நடத்தறேள்?" என்று கேட்டாள். பதினாலு வருஷ தாம்பத்தியத்தில் கணக்கு விஷயமாக அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி இது.

மறுநாள் ராமதாஸ் என்கிற பயிற்சி மாணவரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். யோக்கியமான பையன், பொய் சொல்லத் தெரியாது. "நெசமா எவ்ளோ வந்தது?" என்றேன். "அறுபத்தொண்ணு வந்துது சார். நீங்க போர்டுல பாதின்னு போட்டீங்க. வாத்தியார் எழுதுனது பொய்யாப் போவக் கூடாதுன்னு பதினொன்ன கயிச்சிகினேன்" என்றான். இப்படிப்பட்ட குருபக்தியை என்ன செய்வது? கோபம் வரவில்லை, அத்திம்பேர். வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கீது வந்துவிட்டது. தலைமையாசிரியர் நாற்பது நோட்டையும் வரவழைத்துப் பார்த்தார். "முப்பத்தொன்பது பேர் சொல்றது சரியா, ஒருத்தி சொல்றது சரியா? தப்பு விடையோட நோட்டு இன்ஸ்பெக்டர்கிட்ட போகாது. ஐம்பதுன்னு திருத்தி எழுதச் சொல்லுங்க. மாட்டேன்னா அந்தப் பெண் சர்ட்டிபிகேட் அடுத்த வருஷம் வாங்கிக்கட்டும்" என்றார். கொட்டையை உருட்டிக் காட்டுகிறேன் என்றேன். "உங்க கன்பர்மேஷன் காகிதம் என் மேஜைமேலதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். மேஜைமேல்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

அந்தப் பெண்ணுக்குக் கோவளத்துப் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் வேலை தயாராக இருக்கிறது. ஜூன் முதல் தேதிக்குள் சர்ட்டிபிகேட் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவர்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்று வரப்போவது இதுதான் முதல் தடவை. ஆகவே தாங்கள் சொன்னதே சரி. ஓர் எண்ணை அடித்து இன்னோர் எண்ணை எழுதினால் அவளுக்கு வேலை, எனக்கு நிரந்தரம், தலைமையாசிரியருக்கு மனநிம்மதி. புளியங்கொட்டைக்கு ஒன்றும் வருத்தமில்லை. நாளைக் காலை அவளைக் கூப்பிட்டு ஐம்பது என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். உண்மை நியாயம் என்று இனி தங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். தைலம் தீர்ந்திருந்தால் எழுதவும், இங்கே நல்லதாகக் கிடைக்கிறது. தங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு என்றும் வேண்டியது, இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

இங்ஙனம்,
தங்கள் சொல்லைத் தட்டாத
பட்டாபி

பி.கு. (வியாழக்கிழமை): இதைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மேலே "சொல்லைத் தட்டாத" என்று இருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

நேற்றுக் காலை பதருன்னிசாவைக் கூப்பிட்டேன். ஐம்பது என்று எழுது என்றேன். அழவில்லை, வாதாடவும் இல்லை. பேனாவைத் திறந்து நோட்டின்மேல் வைத்துக்கொண்டு, "எய்திட்றேன் சார். நாளிக்கி என் கிளாஸ்ல ஒரு புள்ள தானே உருட்டிப் பாத்துட்டு அறுபத்துமூணுன்னு எய்திகினு வந்தா, அதுக்கு நான் இன்னா சொல்லணும்? அத மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறவள், சொல்லிக்கொடுக்கிறவனிடம் கேட்கிறாள். பலகையில் நான் எழுதிய பாதி இன்னும் அப்படியே இருந்தது. அப்புறம் நோட்டை வாங்கி அறுபத்துமூன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாமல்லபுரத்தில் நீ அளந்ததும் சரிதான் என்றேன். "தெரியும் சார்" என்றாள். தாமதித்தால் மனம் மாறிவிடும் என்ற பயத்தில், மிச்சம் முப்பத்தொன்பது நோட்டையும் இழுத்துப் போட்டு, சிவப்பு மையில் ஐம்பதை அடித்து, "மறுபடி செய்க" என்று எழுதினேன். பலகையிலிருந்த என் பாதியையும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை வரவேண்டிய இன்ஸ்பெக்டர் இன்றைக்கே வந்துவிட்டார். வராந்தா முழுக்க முப்பத்தொன்பது பேர் குந்திக்கொண்டு புளியங்கொட்டை உருட்டிக்கொண்டிருந்ததை அவர் வெகுநேரம் நின்று பார்த்தார். உள்ளே போய் நோட்டுகளைப் பிரித்தார். அடித்தல் திருத்தல் உள்ள நோட்டில், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்ட பிறகே கையெழுத்திட முடியும் என்பது விதியாம். தங்களுக்குத் தெரியாததா? அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு, சர்ட்டிபிகேட்டுக்கும் சிபாரிசு எழுதிவிட்டுப் போனார். அறுபத்துமூன்று சரியா தப்பா என்று அவர் கேட்கவே இல்லை.

ராஜாராம் மத்தியானம் பூராவும் முப்பத்தொன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் நூறு தடவை உருட்டினாராம். ஐம்பது வந்தது என்கிறார். கொட்டையைப் பொறுக்கிக் கொடுத்த முனிசாமி, "அறுபத்தஞ்சி சார், நான் எண்ணிகினேதான இருந்தேன்" என்கிறான். என் காகிதம் இன்னும் அதே மேஜைமேல்தான் இருக்கிறது. அது கையெழுத்தாக எவ்வளவு வாய்ப்பு என்று தாங்கள் கட்டாயம் கேட்பீர்கள். பாதிக்குப் பாதி என்று மட்டும் நான் எழுதமாட்டேன்.