உறுப்பினர் எண் 318

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பெருமையாகச் சொன்னேன். அதற்கான தண்டனையை இன்றுவரை சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கீரனூர் பக்கம் ஒரு சின்ன ஊர். போட்டித் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, எங்கள் ஊர் நூலகத்தில் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். (தேர்வு முடிவுகள் இந்த உண்மையை வீட்டுக்கு அவ்வப்போது தெரிவித்தன.)

அந்த நாட்களில் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எடுத்துப் போகிறவரின் உறுப்பினர் எண்ணையும், திருப்பித் தர வேண்டிய தேதியையும் அதில் எழுதுவார்கள். பெயர் இருக்காது. நான் எடுத்த நாவல்களில் எல்லாம் எனக்கு முந்தைய வரியில் 318 என்று இருந்தது. மூன்று முறை வரை தற்செயல் என்று நினைத்தேன். ஏழாவது முறை, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நூலகம் போக ஆரம்பித்தேன்.

318 தனக்குப் பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைக்கும். நானும் அதே வரியைத்தான் இரண்டாம் முறை படிப்பேன். புத்தகத்துக்குள் நான்காக மடித்த திருச்சி பஸ் டிக்கெட் ஒன்று இருக்கும். பெண்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு பஸ் டிக்கெட்டை அவ்வளவு நேர்த்தியாக எந்த ஆணும் மடிப்பதில்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு. எட்டு மாதம் அந்தப் புள்ளிகளோடு வாழ்ந்தேன். இந்த உலகத்தில் என்னைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவன் இருக்கிறது, அது தினமும் திருச்சி பஸ்ஸில் போய் வருகிறது என்று நம்பினேன்.

யாரென்று நூலகர் மேகலா அக்காவிடம் கேட்கத் தைரியம் இல்லை. பெயர்கள் இருந்த உறுப்பினர் பதிவேடு அவர் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

"தம்பி, ஒனக்கு இதெல்லாம் தெரியும்ல?" என்றார் அக்கா.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றேன்.

பதிவேட்டைப் பார்த்து அக்கா பெயர், முகவரி, போன் நம்பர் வாசித்தார்; நான் தட்டினேன். எண்களைத் தனியாகத் தட்டவில்லை. முதல் இரண்டு கட்டத்தில் ஒன்று, இரண்டு என்று போட்டு மவுஸைப் பிடித்துக் கீழே இழுத்தால், மிச்ச எண்களைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். அக்கா வாயைப் பிளந்து பார்த்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

318-க்கு நேராக வந்த பெயர் பூங்கொடி. பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் ஷாப்பில் நிற்கும் பெண். மறுநாளிலிருந்து எனக்குத் தினமும் தலைவலி. நான்காவது நாள் மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க நாவல்லாம் படிப்பீங்கள்ல?"

"மாத்திரை அட்டையில தேதி படிக்கவே நேரம் இல்லைங்க. சில்லறை இருக்கா?"

என்ன ஒரு தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம், யார் எந்தப் புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்பதையும் எண் வாரியாக ஏற்றினோம். தேதி தாண்டியவர்களுக்குப் போனில் செய்தி போகும் வசதியும் இருந்தது. ஒரே அழுத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன்.

மறுநாள் காலை, அக்கா கொடுத்திருந்த சாவியால் நான் நூலகத்தைத் திறந்ததுமே, அவர் வருவதற்கு முன்பே ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை, கையில் ஒரு நாவல், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கர்ப்பிணிங்க என்ன சாப்பிடணும்னு ஒரு புக்கு, அதை நான் திருப்பித் தரலைன்னு எங்க அப்பா போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க. ராத்திரியெல்லாம் வீட்ல என்ன பாடு தெரியுமா? இனிமே லைப்ரரி பக்கமே போகக் கூடாதுங்குறாரு."

"பேர்?"

"ரேவதி. 318."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ரேவதி, 301. அந்தப் புத்தகம் 301-இன் பெயரில்தான் இருந்தது.

"ஒங்க நம்பர் 301ங்க."

"இல்லைங்க, 318. காலேஜ் படிக்கிறப்பலேர்ந்து 318தான்."

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் தனியாக இருக்கும்போது தலையில் அடித்துக்கொள்வேன்.

"318 வேற ஒருத்தர்ங்க. அவங்களை எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும்."

அவள் கையிலிருந்த நாவலை மேசையில் வைத்தாள்.

"அப்ப இனிமே அவங்களே படிக்கட்டும். என் பேரை எடுத்துருங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர், உறுதியாகத்தானா என்று கேட்டது. உறுதியாகத்தான் என்று அழுத்தினேன்.

பத்தரை மணிக்குள் நூலகத்தில் கல்யாணக் கூட்டம். முகப்பரு போக்கும் வழிகளைப் பற்றிய புத்தகத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் திருப்பிக் கேட்டிருந்தோம். அவர் நாற்காலியில் உட்காரவே மறுத்துவிட்டார். அக்கா பதிவேட்டை எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"தம்பி, உறுப்பினர் அட்டை ரத்தானவங்க பேரை நான் வாசிக்கவே இல்லையே. நீ நம்பரை எப்படிப் போட்ட?"

"இழுத்தேன்கா."

318-க்கு முன்னால் பதினேழு பேர் ரத்தாகியிருந்தார்கள். அத்தனை பேருடைய எண்ணையும் நான் உயிரோடிருந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன். பதிவேட்டில் 318-க்கு நேராக, அக்காவின் குண்டு குண்டான கையெழுத்தில், ரேவதி என்று இருந்தது.

மேசையில் கிடந்த நாவலை எடுத்தேன். உள்ளே நான்காக மடித்த டிக்கெட். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. (ஓடும்போது அது தோன்றவில்லை.)

அக்கா நேரில் போய் அவள் அப்பாவிடம் விளக்கிச் சொல்லி, வீட்டில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அவள் மறுபடி உறுப்பினராகச் சேரவில்லை. ஒரு மாதம் காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஒரே ஒரு நாள் ஜன்னலோரம் பார்த்தேன். மடியில் ஏதோ புத்தகம், கையில் பென்சில். கிட்டப் போகக் கால் வரவில்லை. என்ன புத்தகம் என்றாவது பார்த்திருக்கலாம்.

தலைவலி மாத்திரை வாங்கியது வீண்போகவில்லை. வேலை கிடைத்த பிறகு பூங்கொடியையே கல்யாணம் செய்துகொண்டேன். முழுக் கதையும் அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கூடினால், "எங்களுக்குப் பொருத்தம் பாத்தது கம்ப்யூட்டர்தான்" என்று அவளே ஆரம்பித்து, என் மவுஸ் இழுப்பை நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

இப்போது நூலகப் புத்தகங்களில் அந்தத் தாள் கிடையாது. கோடுகளைப் படிக்கும் கருவி 'பீப்' என்கிறது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் யார் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு புத்தகத்தையும் என்னால் தொடங்க முடிவதில்லை.

போன வாரம் பாதி படித்த நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து எடுத்தால், உள்ளே ஒரு திருச்சி பஸ் டிக்கெட். நின்றபடி அந்தப் பக்கம் முழுக்கப் பென்சில் புள்ளியைத் தேடினேன்.

அடுப்படியிலிருந்து பூங்கொடி எட்டிப் பார்த்தாள்.

"ஒங்க சட்டைப் பையில கெடந்துச்சு, அடையாளத்துக்கு வச்சேன். ஏன், அவங்க வந்துட்டாங்களா?"

"இல்ல" என்றேன்.