அவசரமாகப் பத்துப் புகார் தேவை

"நூத்திருவது பேர் இருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவா ஒரு குறையும் இல்லை? இருக்கோணுமுங்க! வியாழக்கிழமைக்குள்ள இருந்தே ஆகோணும்!"

தையல் கூடத்தின் நடுவில் நின்று காளியண்ணன் கெஞ்சினார். எந்திரங்கள் நின்றன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எடப்பாடிக்கு வெளியே, குழந்தைகளுக்கு இரவு உடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. காளியண்ணன் அங்கே தொழிலாளர் நல அதிகாரி, எல்லோருக்கும் ஹெச்.ஆர். சார். மண்ணுக்கும் தண்ணீருக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் கேடில்லாமல்தான் துணி தைக்கிறார்களா என்று பார்க்க, வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கொரு தடவை ஆள் அனுப்புவார்கள். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடியும் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள், வெட்டி மிஞ்சிய துணியில் பை தைக்கிறார்கள், கூரை முழுக்க சோலார் என்று போன வருடம் பாராட்டு மழை. அடி விழுந்தது புகார்ப் பெட்டியில்தான்.

'வருடம் முழுக்க ஒரு புகார்கூட இல்லை. பெண்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள் போலும்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

"இந்த வருசமும் பொட்டி காலியா இருந்தா ஆர்டர் போயிரும் காளியண்ணா. ஒரு பத்துப் புகாராவது பார்த்து ஏற்பாடு பண்ணு" என்றார் முதலாளி மாதேஸ்வரன், கல்யாணத்துக்கு வாழைத்தார் சொல்வது போல.

காளியண்ணன் நல்ல மனுஷன். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். மருத்துவமனை என்றால் தன் வண்டியிலேயே கூட்டிப்போவார். அவரைப் பார்த்து ஒருத்தி பயப்படுகிறாள் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும்.

"ஏனுங்க சார், எழுதறதுன்னா எதைப் பத்தி..." என்று ஆரம்பித்தாள் சௌந்திரம். தொழிலாளர் கமிட்டித் தலைவி; பெட்டிச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

"எதைப் பத்தி வேணா எழுதுங்க அக்கா! மனசுல இருக்கறதக் கொட்டுங்க!" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த வார்த்தை எடுப்பதற்குள் காளியண்ணன் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தார்கள். ஆறு சீட்டு இருந்தது.

'எங்கூட்டுக்காரர் சனிக்கிழமையானால் சீட்டாடப் போகிறார்.' 'நாத்தனார் வாங்கிப்போன மிக்ஸியைத் திருப்பித் தரவில்லை.' ஒரு சீட்டில், 'எனக்கு எதுவும் தோன்றவில்லை, மன்னிக்கவும்.'

"இதையெல்லாம் சோதனைக்கு வர்ற மேடத்துகிட்டக் காட்ட முடியுமா?" காளியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, நானே சொல்றேன். எல்லாரும் 'டீ நல்லாயில்லை'ன்னு எழுதிப் போடுங்க. ஆருக்கும் நோகாத புகார்."

"சார், அது டீ போடற ஆராயியம்மாவுக்கு..."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க!"

புதன்கிழமை பதினோரு மணிக்கு டீ வரவில்லை. கம்பெனி தொடங்கிய நாள் முதல் டீ போடுகிற ஆராயி, கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் முப்பத்தெட்டுச் சீட்டு விழுந்திருக்கிறது, முப்பத்தெட்டிலும் அவள் டீதான் என்று அவளுடைய மருமகளே சொல்லிவிட்டாள். அதில் ஒன்று மருமகள் எழுதியது.

காளியண்ணன் ஓடினார். "ஆராயியம்மா, அவிய நெசமா எழுதலீங்க. நாந்தான் எழுதச் சொன்னேன்."

ஆராயி நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்களுக்குத்தான் எம்பட டீ புடிக்கலையாக்கும்?"

அவளைச் சமாதானப்படுத்த, அத்தனை பேர் பார்க்க நாலு டம்ளர் டீயை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தார். ஆராயி போட்ட நிபந்தனைப்படி முப்பத்தெட்டுச் சீட்டையும் கிழித்தார். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். பெண்கள் கூட்டமாக நின்று இதைப் பார்த்தார்கள். புகார் சொல்லாமல் உட்கார்ந்தே ஒருத்தி காரியத்தைச் சாதித்துவிட்டாளே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

பெட்டி மறுபடியும் காலி. மறுநாள் காலையில் ஆள் வந்துவிடும்.

காளியண்ணன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இடது கையில் பேனாவைப் பிடித்து, உதட்டைக் கடித்தபடி பத்துச் சீட்டு எழுதினார். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லை. இப்படி எழுதிக்கொண்டே வந்தவருக்குப் பத்தாவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்சம் யோசித்து, 'ஹெச்.ஆர். சார் நாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை' என்று எழுதினார். தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. பத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை வந்தவர் ஜோயா. நிறைய பேசாத பெண். சாயத் தண்ணீர் சுத்தமாகும் தொட்டியைப் பார்த்தார், தலையாட்டினார். துணிப் பைகளைப் பார்த்தார், தலையாட்டினார். பெட்டிச் சீட்டுகளைத் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டுக் காளியண்ணனைக் கூப்பிட்டார்.

"பதினாலு புகார் இருக்கு சார். எழுதினவங்க பேரையோ சீட்டையோ காட்டக் கூடாது. ஆனா விஷயத்தைச் சொல்லலாம்."

பத்துதானே எழுதினோம் என்று காளியண்ணனுக்கு ஒரு கணம் உறுத்தியது. இடது கை வேகத்தில் கணக்குத் தப்பியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

"ஃபேன், தாழ்ப்பாள் எல்லாம் சொல்லியிருக்காங்க. அப்புறம்... உங்களைப் பத்தியும் இருக்கு. சொல்றதைக் கேக்கறதே இல்லையாம்."

"இருக்குமுங்க மேடம்! ரொம்பச் சரியாச் சொல்லியிருக்காங்க!" காளியண்ணன் முகமெல்லாம் சிரிப்பு.

ஜோயா பேனாவை மூடினார். "இப்படி ஒத்துக்கற அதிகாரியை நான் பார்த்ததே இல்லை. அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேங்க!" வாய் முந்திக்கொண்டது.

"நல்லது. இப்பவே கேட்டுருங்க."

ஐந்து நிமிடத்தில் நூற்றிருபது பேர் முன்னால் காளியண்ணன் நின்றார். "நீங்க சொல்றத நான் காதுல வாங்கறதில்லைன்னு புகார் வந்திருக்குதுங்க. தப்புத்தானுங்க. மன்னிச்சுக்குங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 'அய்யோ சார், உங்களைப் போயி எவ சொன்னா!' என்று கூடமே கொதிக்கும் என்று எதிர்பார்த்தார்.

யாரும் கொதிக்கவில்லை.

"பரவால்லீங்க சார்" என்றாள் பின்வரிசை அறிவுச்செல்வி, பெரிய மனது பண்ணி. "ஃபேனப் பத்தி மூணு தடவ சொன்னேனுங்க. நாலாந்தடவ சொல்றதுக்குள்ள நீங்க எங்க ஊட்டுக் கெடா வெட்டு எப்பன்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க."

"தாழ்ப்பாளுக்குக் கயிறு கட்டித்தாங்க போயிட்டு வாரோம்" என்றாள் இன்னொருத்தி.

ஜோயா பக்கத்தில் நின்றதால் காளியண்ணனால் நகர முடியவில்லை. குறுக்கே பேசவும் முடியவில்லை. அரை மணி நேரம் நின்று கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து வரிசையாக எழுதிக்கொண்டார். எலக்ட்ரீஷியனுக்கு அங்கேயே போன் போட்டார். கூடத்தில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். முதலாளி மாதேஸ்வரனும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

ஜோயா புறப்படும்போது, ஆர்டர் தொடரும் என்று சொல்லிவிட்டே போனார்.

கார் மறைந்ததும் காளியண்ணன் சௌந்திரத்தை ஓரமாக அழைத்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுராதீங்க. அந்தப் புகாரெல்லாம் நானே இடது கையில எழுதிப் போட்டதுங்க!"

சௌந்திரம் சிரிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த சீட்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தாள். அத்தனையும் கோணல் மாணலான எழுத்து. பத்து இருந்தது.

"பொய்ப் புகாரெல்லாம் எதுக்குன்னு இதக் காலையிலயே எடுத்துட்டேனுங்க சார். அந்தம்மா படிச்ச பதினாலும் அதுக்கப்புறம் நாங்க எழுதிப் போட்டதுங்க."