நலமானவரின் ரத்தம்

தன்னையே முழக்கோலாக வைத்து ஊரை அளக்கும் ஓர் இனம் உண்டு. எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தால் அதன் மினுமினுப்பே தனி. உதாரணத்துக்கு, முதுகுக்குப் பின்னால் 'நார்மல் சார்' என்று அழைக்கப்பட்ட நீரிழிவு ஆய்வாளரைப் பாருங்கள்.

தன் துறை என்னவென்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம். "இன்சுலின் வந்து கதவைத் தட்டுது. உள்ள இருக்கறவன் காதுல வாங்கல. இன்னும் பலமா தட்டுது. அப்பவும் திறக்கல. சர்க்கரை வெளியிலேயே நிக்குது. இதான் இன்சுலின் எதிர்ப்பு." அந்தச் செவிடனைப் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர்.

நோயாளியின் ரத்தத்தை ஒப்பிட நலமானவர் ஒருவரின் ரத்தம் வேண்டுமல்லவா? குச்சி போல இருந்த இளம் வயதில் சட்டைக் கையை மடித்துவிட்டார்: "இதான் நார்மல்." அதிலுள்ள சர்க்கரையை நூறு என்று வைத்து நோயாளிகளை அளந்தார்கள். பிறகு முடி கொட்டியது, பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதவில்லை, மேசை இழுப்பறை பிஸ்கட்டால் நிறைந்தது. ரத்தம் பிடித்த குழாய்மேல் ஒட்டும் சீட்டில் மட்டும் 'நலமானவர்' மாறவேயில்லை.

"தண்ணி குடிச்சு மாளல உங்களுக்கு. ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கங்களேன்," என்பாள் மனைவி.

"வாரா வாரம் என் ரத்தம்தான் மெஷின்ல ஓடுது. நூறுக்கு நூறு."

தன்னோடு தன்னை ஒப்பிட்டால் யாருக்குத்தான் நூறு வராது?

இதற்கிடையில் அவருடைய புதிய மருந்து அதிசயம் செய்தது. ஆண்டுக்காண்டு நோயாளிகள் நலமானவரை நெருங்கினார்கள். கடைசியில் தொட்டே விட்டார்கள். மாநாட்டில் அறிவிக்க உரையும் தயார். அந்த வாரம் பார்த்து அவருக்குச் சளிக் காய்ச்சல். அவருக்குப் பதிலாகத் துணை ஆய்வாளர் தன் ரத்தத்தைக் கொடுத்தார். நோயாளிகள் எல்லோரும் ஒரே நாளில் இருநூறுக்கு எகிறிவிட்டார்கள்.

"உங்க ரத்தத்துல ஏதோ கோளாறும்மா," என்றார் காய்ச்சல் தீர்ந்து வந்தவர்.

டிரைவர் கொடுத்தார். கணக்கர் கொடுத்தார். அதே இருநூறு.

"எல்லாருக்குமா சார் கோளாறு?"

"ஊர் உடம்பே கெட்டுப் போச்சு. இதைத் தனிக் கட்டுரையாவே எழுதலாம்."

துணை ஆய்வாளர் எழுந்து போனார். சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியை எடுத்துவந்து, முதலில் தன் விரலைக் குத்திக் காட்டினார். பிறகு கருவியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைப் பார்த்த பார்வை, கடன்காரனைக் கண்ட பார்வை. கடைசியில் விரலை நீட்டினார்.

எண் வந்தது: துணை ஆய்வாளருடையதைப் போல இரண்டு மடங்கு. எந்த நோயாளியும் அவரளவுக்குக் குணமாகி வரவில்லை. அவர்தான் படிப்படியாக ஏறிப்போய் அவர்களோடு கைகுலுக்கியிருக்கிறார்.

மாநாட்டுக்காரர்களுக்குப் போன் போட்டார்.

"உரையை ரத்து பண்ணிடுங்க."

"ஏன் சார், என்னாச்சு?"

"நலமானவருக்கு உடம்பு சரியில்லை."

அடுத்த போன் மனைவிக்கு. அவள் தட்டிய கதவு திறக்க இத்தனை வருடம் ஆயிற்று.

சிரிக்கிறீர்கள். 'அப்படியே என் மச்சான்தான்' என்று ஒருவரை நினைத்தும் விட்டீர்கள். கோபம், குறட்டை, கைராசி, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றிலும் 'அவரை விட நான் பரவாயில்லை' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்களே, அந்த 'நானை'க் கடைசியாக வேறொரு கருவியில் வைத்துப் பார்த்தது எப்போது?