பெட்டிக்குள் நின்றுபோன எஞ்சின்

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நானும் உங்கள் மகளும் இங்கே சுகம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். இவள் விமானம் ஓட்டுவாள் என்று தவழும் வயதிலேயே சொன்னேன், நீங்கள்தான் சிரித்தீர்கள். அது கிடக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு சிமுலேட்டர் பரீட்சை. விமானத்தின் தலையை மட்டும் வெட்டி அறைக்குள் வைத்தது போல ஒரு பெட்டி. தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பாது, ஆனாலும் முன்னால் ஓடும் படத்தைப் பார்த்தால் நிஜமாகவே பறப்பது போல இருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை இறக்கும்போது மோதிவிட்டாள். மூன்றாவது முறையும் மோதினால் பெயரை அடித்துவிடுவார்கள், நிஜ விமானத்தைத் தொடவே முடியாது. இப்படிப்பட்ட நேரத்தில் அனுபவசாலி ஒருவன் கூட இருக்க வேண்டாமா? பதினோரு வருஷம் லாரி ஓட்டியவன் என்றதும் வாத்தியாரே, "வாங்கய்யா, நீங்க பின்னாடி இருந்தா எங்களுக்கும் தெம்பு" என்று தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டார். அவர் முன்னால் ஒரு திரை. தொட்டால் மழை வரும், காற்று வரும், கோளாறும் வரும். அன்றைக்கு இறங்கும் பரீட்சை மட்டும்தான். படத்தில் எழுநூறு அடி உயரத்தில் இருக்கும்போது, இப்போது என்னவோ நடக்கப்போகிறது என்று என் உள்மனசு சொல்லிற்று. அதே நொடி வாத்தியார் என் காதில், "இப்ப எஞ்சின நிறுத்தறேன் பாருங்க" என்று திரையைத் தொட்டார். சத்தம் அடங்கிவிட்டது அத்தான். விமானத்தின் முன்னால் சுழலும் காற்றாடி அசையாமல் நிற்கிறது, தரை மேலே வருகிறது.

"மூக்கத் தூக்கும்மா, தூக்கு" என்றேன்.

"மாமா, பேசாம இருங்க" என்று மூக்கை இறக்கினாள். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஓடுதளம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது, ஆனால் அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. இடது பக்கம் திருப்பி, மரங்களைத் தாண்டி, ஒரு வெட்டவெளியில் கொண்டுபோய்த் தொப்பென்று வைத்தாள். நான் கண்ணை மூடவில்லை, தூசி விழுந்தது.

"இறங்கியாச்சு சார்" என்றாள்.

"எஞ்சின் இல்லாம எட்டாத ஓடுதளத்துக்கு ஆசைப்பட்டிருந்தா மூணாவது தடவையும் மோதியிருப்பே" என்றார் வாத்தியார். அதற்குப் பாஸ் என்றுதானே அர்த்தம்?

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சின்னவனுக்கு என் ஆசி, உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பைலட்டின் தாய்மாமன்

பி.கு.: ஒரே ஒரு விவரம் மட்டும் நானாகச் சேர்த்தது. எஞ்சினை நிறுத்தியது வாத்தியார் இல்லை. அவர் குனிந்து மார்க் எழுதிக்கொண்டிருந்தார், எட்டிப் பார்த்த என் முழங்கை திரையில் பட்டுவிட்டது. பதறி இன்னொரு தட்டுத் தட்டியதில் வாத்தியாரின் திரையே அணைந்துபோயிற்று, அவள் முன்னால் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மிஷின் கெட்டுவிட்டது என்று பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கெட்ட பெட்டியில் இறக்கியது செல்லாதாம், மறுபடி முதலிலிருந்தாம். அது கெடவில்லை என்று நான் போய்ச் சொன்னால்தான் அவள் இறக்கியது செல்லும். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள் அத்தான். அவளும் அங்கே நிற்பாள், என் முழங்கைதான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.