தங்கள் மகள் தோற்க மாட்டேன் என்கிறாள்

ராஸ் அல் கைமா

மதிப்பிற்குரிய மாமா ரெங்கராஜ் அவர்களின் சமுகத்துக்கு, மருமகன் கார்மேகம் தலைவணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் எங்கள் டைல்ஸ் கம்பெனிச் சூளையும் வழக்கமான சூட்டோடு நலம். அங்கே தாங்களும் அத்தையும், கன்று போட்ட மாடும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாகவள்ளி தங்கப் பதக்கத்தோடு சிரிக்கிற படத்தில், பக்கத்தில் நான் விளக்கெண்ணெய் குடித்தவன் போல நிற்பதாகவும், பெண்டாட்டி ஜெயித்தது மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லையோ என்று தாங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் அத்தை வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார்கள். போனில் பதில் சொல்லலாம் என்றால் இங்கே ரூமில் அத்தனை பேர் காதும் என் வாயில்தான் இருக்கும். அங்கே அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். ஆகவே லீவில் ஊருக்கு வரும் என் ரூம்காரன் விமல் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும் மாமா. ஊரில் நினைப்பது போல் குவைத்தும் துபாயும் அடுத்தடுத்த தெரு அல்ல. போன தீபாவளிக்கு எனக்கு அனுப்பிய முறுக்குப் பொட்டலத்தில் ‘பாதியை நாகவள்ளிக்குக் கொடுக்கவும்’ என்று எழுதியிருந்தீர்கள். அவள் குவைத்தில் ஃபஹாஹீலில் கிளினிக் நர்ஸ், நான் துபாய்க்கும் அப்பால் இங்கே சூளை ஆபரேட்டர், நடுவில் கடலே கிடக்கிறது. முறுக்கு முழுவதையும் நானே தின்றேன். அவளுக்கு லீவு வந்தால் எனக்கு வராது, எனக்கு வந்தால் அவளுக்கு வராது. இரண்டு வருஷமாகக் கட்டிய மனைவியைப் போன் அகலத்துக்குத்தான் பார்த்து வருகிறேன். நெட் இழுத்தால் அதிலும் பாதி முகம்தான்.

இந்த நிலையில்தான் அவள் போன் செய்து, “என்னங்க, உங்க ஊருக்கே வர்றேன். பௌலிங் போட்டி!” என்றாள். கிளினிக் பெண்கள் பொழுதுபோகாமல் ஆரம்பித்த விளையாட்டு இது. எதிரே ஒன்பது கட்டைகள் நிற்கும், விரல் விடக்கூட ஓட்டையில்லாத உருண்டையை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். இங்கே ஒரு கிளப்பில் பெண்களுக்கான சர்வதேச ஸ்பிரின்ட் போட்டி. இரண்டு பேர் மோதுவார்கள், தோற்றவர் அவுட், ஜெயித்தவர் அடுத்த நாள் மறுபடி மோத வேண்டும். புதன் தொடங்கி சனிக்கிழமை ஃபைனல், அன்று ராத்திரியே அணிக்கு விமானம். அணி மேனேஜர் பாஹிமா மேடத்திடம் நானே போனில் விசாரித்தேன். “ஆட்டத்துல இருக்கிற வரைக்கும் யாரையும் பார்க்க விடமாட்டேன் தம்பி. தோத்துட்டா மறுநாள் முழுக்க உங்க வீட்டம்மாவை நீங்களே கூட்டிட்டுப் போங்க” என்றார்.

இதைக் கேட்டதும் நான் ஒரு கணக்குப் போட்டேன். வரப்போகிறவர்கள் ஜெர்மனி, செர்பியா, குரோஷியா என்று பிறந்ததிலிருந்து உருட்டுகிறவர்கள். தங்கள் மகள் புதன்கிழமையே வெளியே வந்துவிடுவாள், மாமா, அவள் திறமையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. உடனே ரூமில் ராஜிக் பாயிடம் பேசி, அவருடைய வியாழக்கிழமை ஆஃபை நான் வாங்கிக்கொண்டு என் ஆஃபை அவருக்குக் கொடுத்தேன். எங்கள் கேம்ப்பில் ஆஃப் மாற்றிக்கொண்டால் சத்தியம் மாதிரி, திரும்பப் பெற முடியாது. புதன் சாயங்காலம் மெசேஜ் வந்தது: ‘ஜெயிச்சுட்டேன்!!!’ சூளைக்கு முன்னால் நின்றும் எனக்குக் கைகால் சில்லிட்டுப் போனது.

வியாழன் காலை மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஆடுகளத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் நீல டீசர்ட்டில் நாகவள்ளி. கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் கையசைத்தேன், அவளும் அசைத்தாள், பாஹிமா மேடம் முறைத்தார். இன்றாவது தோற்றால் நாளைக்கு ஆகட்டுமே என்று அங்கிருந்தே விமலுக்குப் போன் போட்டு அவனுடைய வெள்ளிக்கிழமையையும் வாங்கினேன். அன்றும் ஜெயித்தாள். தோற்றுப்போன குரோஷியாக்காரப் பெண் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. “நீ ஏன் அழுகிறாய்?” என்று இங்கிலீஷில் கேட்டாள். “என் மனைவி ஜெயித்துவிட்டாள்” என்றேன். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கடைசியில் மீன் குழம்பை அவள்தான் சாப்பிட்டாள். காரத்தில் மறுபடி அழுதாள்.

வெள்ளிக்கிழமையும் ஜெயித்தாள். சனிக்கிழமைக்கு ஆஃப் தர ஆளில்லாமல் சூப்பர்வைசர் காலில் விழாத குறை. அடுத்த மாதம் முழுக்க இந்த மருமகனுக்கு ஓய்வே கிடையாது.

ஃபைனலில் செர்பியாக்காரி. ஆளுக்கொரு செட் எடுத்துச் சமமானதால், கடைசியில் ஆளுக்கு மூன்று பந்து. அவளுடையது முடிந்துவிட்டது. நாகவள்ளியின் மூன்றாவது பந்துக்கு ஒன்பதும் விழுந்தால்தான் ஜெயம். இப்போது தோற்றால் பரிசளிப்பு வரை கொஞ்ச நேரமாவது உட்கார்ந்து பேசலாமே என்று நான் மனசுக்குள் முருகனை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி, அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடினாள் மாமா. என்னை அறியாமல் நாற்காலி மேல் ஏறி, “வள்ளி, பயப்படாம உருட்டுடி! நான் இருக்கேன்!” என்று கத்திவிட்டேன். ஒன்பதும் சாய்ந்தன. நானும் குதித்தேன். குதித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிறகு பதக்கம், கீதம், பேட்டி, விருந்து. எங்களுக்குக் கிடைத்தது பார்க்கிங்கில் பஸ் ஏறும் நேரம் மட்டும். எவ்வளவோ பேச வைத்திருந்தேன். அவள், “சாப்டீங்களா?” என்றாள். “ம்” என்றேன். கையைப் பிடித்தேன், உருண்டை பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. “எளச்சுட்டீங்க” என்றாள். அதற்குள் டிரைவர் ஹார்ன் அடித்து “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்தினான். அந்த நிமிஷத்தில்தான் பாஹிமா மேடம் படம் எடுத்தார். மாமா, அது பொறாமைப்பட்ட முகம் அல்ல. பஸ் கிளம்பப் போகிறதே என்கிற முகம்.

ஆகவே பெண்ணைப் பெற்றவர் என்கிற முறையில் தாங்கள் அவளிடம் பேசி, இந்த உருண்டை விளையாட்டை அடியோடு விட்டுவிடச் சொல்ல வேண்டும். அப்படி விட முடியாதென்றால் முதல் சுற்றிலேயே தோற்கும் பழக்கத்தையாவது ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லவும். அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எங்கள் இருவருக்கும், முடிந்தால் ஒரே ஊரில் வைத்து, கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
கார்மேகம்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது நாகவள்ளி போன் செய்தாள். அடுத்த போட்டியும் இங்கேதானாம், பக்கத்து ஷார்ஜாவில். “நீங்கதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னீங்களே, அதான் நான் வரலன்னு மேடத்துகிட்ட சொல்லிட்டேன்” என்கிறாள். மாமா, மேலே எழுதியது ஒன்றையும் மனதில் வைக்க வேண்டாம். இதைப் படித்த கையோடு அவளுக்குப் போன் போட்டு, பேர் கொடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், தாங்கள் சொன்னால் கேட்பாள். நன்றாகப் பழகிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஃபைனல் வரைக்கும் போக வேண்டும். தோற்றால் ஒரு நாள்தான் என்னோடு இருப்பாள். ஜெயித்துக்கொண்டே இருந்தால், கண்ணாடி வழியாகத்தான் என்றாலும், கடைசி நாள் வரை தினமும் அவளைப் பார்க்கலாம்.