எட்டுக் குதிரைச் சட்டத்தில் என் அம்மா

பத்திரிகை ஆசிரியர் ஐயா, என் கையெழுத்து கோழி கிண்டிய மண் மாதிரி இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் செமிலிங் வட்டாரத்தில் செத்துப்போன யாருக்கும் சொந்த உருவம் கிடையாது. எல்லாம் பிரேமுக்காரர் கொடுத்த உருவம்தான்.

அவருக்குத் தொழில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவது. வியாதி, படச்சட்டம். பெரிய படத்துக்குக் கடையில் நல்ல சட்டம் கேட்டால் விலை தலையைச் சுற்றும். மலிவானது பிளாஸ்டிக், அடுத்த தீபாவளிக்குள் வாழைப்பட்டை போல வளைந்துவிடும். இவரோ மூடிப்போன சாப்பாட்டுக் கடை, காலி செய்த ஆபீஸ் என்று அலைந்து, நல்ல மரச்சட்டமாக லோரியில் கொண்டுவருவார். அதுவரைக்கும் சரி.

ஊர் உலகத்தில் படத்தைப் பார்த்துச் சட்டம் தேடுவார்கள். இவர் கிடைத்த சட்டத்துக்குப் படத்தை இழுப்பார். சுற்றி அட்டை வைத்து அடைக்கலாமே என்றால் கோபம் வரும். “அட்டை வெச்சா பாதி பிரேமு வேஸ்ட்டு லா!”

கோயில் தலைவர் பீப்பாய் போல இருந்தவர். நிலைக்கண்ணாடிச் சட்டத்தில் ஏறி மூங்கில் ஆனார். அவர் மனைவி சொன்னது: “இனிப்பு நீரு, இளைங்கன்னு டாக்டர் தலைதலையா அடிச்சிக்கிட்டாரு. அப்பல்லாம் கேக்கல. இப்பப் பாரு, எப்படி இளைச்சிட்டாரு!”

உயிரோடு இருப்பவர்களும் தப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் பட்டமளிப்புத் தொப்பி ரொட்டி சானாய்த் தட்டு அளவுக்கு விரிந்தது. ஆனால் பிரேமுக்காரர் ஒரு காசு வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். சும்மா செய்கிறவரை எப்படித் திட்டுவது? எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் திட்டினோம்.

போன வருடம் அம்மா தவறினார். பதினாறாம் நாள் படையலுக்குப் பெரிய படம் வேண்டும். இருந்தது ஒரே படம்; கோயில் வாசலில் எடுத்தது. ஒட்டிய கன்னம், துருத்திய கழுத்தெலும்பு. எனக்கு முன்னால் பிரேமுக்காரர் வந்து நின்றார், சீன உணவுக்கடைச் சட்டத்தோடு. அதிலிருந்த படத்தில் எட்டுக் குதிரைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

“அகலமா இருக்கேண்ணே…”

“எட்டுக் குதிர ஓடுன எடம் தம்பி. ஒங்கம்மாவுக்குப் பத்தாதா?”

அம்மா படத்தை எடுத்துக்கொண்டு அவர் லோரியில் ஏறினேன். பீடோங் டவுன் போட்டோக் கடையில் இருந்த சீனப் பெண், இழுத்தால் முகம் கெடும் என்று மலாயில் மன்றாடினாள். இவர் மேசையைத் தட்டினார். “மரம் நீளாது அமோய், படம்தான் நீளும்!” நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பதினாறாம் நாள் பெண்டாங்கிலிருந்து அக்கா வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

“டேய், யாருடா இது?”

“அம்மாதான் தங்கச்சி,” என்றார் பிரேமுக்காரர், சுத்தியலும் கையுமாக. “கொஞ்சம் சதை போட்டிருக்காங்க.”

“ஒங்களுக்கு வெளையாட எங்கம்மாதான் கெடைச்சாங்களா? கழட்டுங்க லா!”

அவர் கழற்றவில்லை. அக்காவே நாற்காலி மேல் ஏறினாள். முகத்துக்கு நேர் முகம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உப்பிய கன்னம், நிறைந்த தோள். கடைசிச் சோற்றை எங்கள் தட்டில் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த அம்மா இல்லை அது.

“வயிறார சாப்பிட்டிருந்தா இப்படித்தான்டா இருந்திருப்பாங்க,” என்றாள். இறங்கி வந்து படையல் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

போன மாதம் அக்கா மகன், சரியான அளவில் வேறு படம் போட்டுத் தருகிறேன் என்றான். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

பிரேமுக்காரர் இப்போதும் வருவார். “மரம் ஒரு துளி வளைஞ்சிருக்கா பாரு லா!” என்று பெருமையடிப்பார். அவருக்கு மட்டும் நான் தேத்தண்ணீரில் இரண்டு கரண்டி பால் கூடுதலாக ஊற்றுகிறேன். ஏனென்று அவர் கேட்டதில்லை.

எழுதி முடித்தது: தைப்பூசத்துக்கு மறுநாள்.